வாழைத்தோட்டத்தில் தொங்கிய பட்டை

முத்துவடிவின் வீட்டில் ஒரு சாமானைத் தேடினார்கள் என்ற பேச்சே கிடையாது. தென்காசி கீழத்தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆணிகள் அளவு வாரியாகத் தனித்தனிக் குப்பிகளில் இருக்கும். புளிப்பானையின் மூடியில் எந்த மாதத்துப் புளி என்று கரியால் எழுதியிருக்கும். கிணற்றுக் கயிற்றின் நீளத்தைக் கேட்டால் முழக்கணக்கோடு நிறுத்தாமல் மிச்சம் இத்தனை விரற்கடை என்றும் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான். ஆனால் அவள் அளந்து சொன்னதை மறுபடி அளந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

அவளுடைய தம்பி பால்வண்ணநாதன் அவளுக்குப் பதினான்கு வயது இளையவன். வாந்திபேதி வந்த வருஷம் தாயும் தகப்பனும் ஒரே வாரத்தில் போய்விட, ஐந்து வயதுப் பையனைத் தன் புருஷன் வீட்டுக்குக் கூட்டி வந்து வளர்த்தாள். புருஷன் கைலாசம் பிள்ளை செங்கோட்டை ரயிலடியில் சரக்கு குமாஸ்தா. அதிகம் பேசாத மனிதர். மைத்துனன் படிப்பை விட்டுவிட்டு மலை எஸ்டேட்டுக்கு மோட்டார் துடைக்கப் போனபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே பால்வண்ணன் காரைத் துடைத்தான், பிறகு ஓட்டினான், பிறகு அக்கக்காகப் பிரித்துப் பூட்டவும் தெரிந்துகொண்டான். முப்பத்தொன்பதில் சண்டை தொடங்கியதும் எஸ்டேட் துரை ஊருக்குப் புறப்பட்டார். அவருடைய செவர்லே கார் விலைக்கு வந்தது. அப்போதே அது பதினோரு வயதுக் கிழடு. தகப்பனார் வைத்திருந்த வில்வண்டியையும் ஒரு ஜோடி மாட்டையும் விற்று அதை வாங்கினார்கள்.

அன்றிலிருந்து முத்துவடிவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், ரயிலில் வந்தீர்களா என்று கேட்பாள். ஆமாம் என்றால், "ரயிலடில மூணு டாக்சி நிக்கும். நடுவுல நிக்கது எங்க தம்பிது" என்பாள்.

நாற்பத்திரண்டில் பெட்ரோல் கூப்பனுக்கு அடங்கிவிட்டது. ஊரில் ஓடிய பஸ்களைப் போலவே பால்வண்ணனும் காரின் பின்பக்கத்தில், பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி கேஸ் உலையைப் பூட்டினான். ஆள் உயரத் தகர டிரம், அதற்கொரு அடுப்பு, அதற்கொரு குழாய். காலையில் கரியைப் போட்டு, விசிறி சுற்றி, அரைமணி நேரம் புகையோடு மல்லுக்கட்டினால்தான் கார் புறப்படும். மூன்று பேர் எப்போதும் பின்னால் தொத்திக்கொண்டு வருகிற கனம் அந்த உலைக்கு. அந்தக் கனத்தைத் தாங்கியதெல்லாம் பின் சக்கரத்துக்கு மேலே இருந்த பட்டைகள்தான்.

பட்டை என்பது தனி இரும்பு அல்ல. ஏழு எஃகுத் தகடுகளை வில்லாக வளைத்து, நீளமானதிலிருந்து குட்டையானது வரை அடுக்கி, நடுவில் ஆணி முடுக்கிக் கட்டியிருக்கும். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருண்டிருக்கும். அந்த வளையத்துக்குக் கண் என்று பெயர். அந்த இரண்டு கண்களில்தான் கார் தொங்குகிறது.

நாற்பத்துமூன்றாம் வருஷம் வைகாசியில், இலஞ்சியைத் தாண்டி ஒரு கல்பாலத்தில் ஏறி இறங்கும்போது, இடதுபக்க மெயின் பட்டை பட்டென்று விட்டது. உடைந்தது நடுவில் அல்ல, நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி. சவாரிக்காரர்கள் இறங்கிக் குற்றாலத்துக்கு நடந்தார்கள். பால்வண்ணன் ஒரு ஜோடி மாட்டை வாடகைக்குப் பிடித்துக் காரில் பூட்டி இழுத்து வந்தான். கீழத்தெரு முக்கில் நின்றவர்களுக்கு அன்று நல்ல பொழுதுபோக்கு.

"மாட்ட வித்துக் காரு வாங்குனான். இப்பக் காருக்கு மாடு பூட்டுதான்" என்றார் ஒருவர். இன்னொருவர், மாட்டுக்கும் டாக்சி லைசென்சு எடுத்தாயிற்றா என்று கேட்டார்.

பால்வண்ணன் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது.

"எக்கா, கவலப்படாத. துரை காரோட சேத்து ரெண்டு செட்டுப் பட்டை குடுத்தார்லா, கிரீசு தடவி சாக்குல சுத்தி. அது தொழுவுல கெடக்கு. நாளைக்கே மாட்டிருவேன்."

தொழுவத்துச் சாக்கு முத்துவடிவுக்கு நன்றாக நினைவிருந்தது. கார் வாங்கிய மறு வருஷம் மாசியில், மாடில்லாத தொழுவைத் துப்புரவு செய்யும்போது அதைப் பிரித்துப் பார்த்தாள். வளைந்த எஃகுப் பட்டைகள், அடுக்கடுக்காக. வில்வண்டியின் உபரி வில் என்று நினைத்தாள். வண்டியையே விற்றாயிற்று, வில் எதற்கு என்று, வடகரையில் அவர்கள் வயலுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த அய்யாத்துரை ஆசாரிக்கு அனுப்பி அரிவாள் அடிக்கச் சொன்னாள். எஃகு முதல் தரம் என்று ஆசாரி சொல்லி அனுப்பினார். பன்னிரண்டு அரிவாள் வந்தது. அந்த அரிவாள்களைத் தெருவுக்கே காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

சொல்லாமல் இருக்க முடியாது. தொழுவத்தை நோக்கி நடந்த தம்பியை நிறுத்தி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பால்வண்ணன் கேட்டுக்கொண்டான். பிறகு கிணற்றடிக்குப் போய், கை கழுவுகிற தண்ணீரைக் கையில் விட்டுக்கொண்டே இருந்தான். அவன் ஒரு சொல் ஏசியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் ஒரு நாள் சவாரியோடு போகிறதல்ல. வைகாசி கடைசியில் மோட்டார் இன்ஸ்பெக்டர் தாலுகா கச்சேரி மைதானத்துக்கு வருவார். அவர் பார்த்துச் சீட்டுக் கொடுத்த வண்டிக்குத்தான் ரயிலடியில் நிற்க இடம். சீட்டில்லாத வண்டியின் இடம் கேட்டவனுக்குப் போய்விடும். திருநெல்வேலியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதச் சாரலில்தான் குற்றாலத்துக்குச் சவாரி. அந்த மூன்று மாத வருமானமும் அதை நம்பிய மற்ற ஒன்பது மாதச் சோறும் அந்த இடத்தில்தான் இருந்தன. இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பதினோரு நாள் இருந்தது.

பால்வண்ணன் சென்னைக் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தான். சண்டை முடிந்து கப்பல் வந்தால்தான் என்று பதில் வந்தது. திருநெல்வேலியில் ஒரு பஸ் கொட்டகையில் பட்டை இருந்தது. ஆனால் அது லாரிக்கு உள்ள அகலம். வீரகேரளம்புதூரில் தங்கள் பழைய வில்வண்டியை வாங்கியவர் வீட்டுக்கும் போய் அந்த வில்லை அளந்து பார்த்தான். கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. அகலத்தில் அரை அங்குலம் குறைவு. பாரம் ஏற்றினால் பாயாகப் படுத்துவிடும் என்று வந்து சொன்னான். முத்துவடிவு அதைக் கேட்டுத் தலையை அசைத்தாள். தான் ஏமாந்தது வெறும் அரை அங்குலத்தில்தான் என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. தொழுவில் அன்று ஒரு நூலைப் பிடித்து அளந்திருந்தால் போதும்.

ஆறாம் நாள் அவன் மதுரைக்குப் புறப்பட்டான். அவன் போனதும் முத்துவடிவு வேலையில் இறங்கினாள்.

உடைந்த பட்டையின் இரண்டு துண்டுகளையும் கூடத்தில் வாய் சேர்த்து வைத்தாள். பழைய செய்தித்தாள்களைக் கஞ்சிப்பசையால் ஒட்டி நீளமாக்கி, அதன் மேல் பட்டையை வைத்துக் கரியால் சுற்றிக் கோடு போட்டாள். கண்களின் வட்டம், நடுத்துளை, வளைவு, கனம் எல்லாம் தாளில் ஏறின. உடையாத வலதுபக்கத்தில் மட்கார்டு விளிம்பு தரையிலிருந்து எத்தனை உயரம் நிற்கிறது என்பதையும் அளந்து தாளின் ஓரத்தில் எழுதினாள். கண்ணில் நுழைகிற ஆணியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். காலை ரயிலில் செங்கோட்டைக்குப் போய், அங்கே ஒரு வண்டி பிடித்து வடகரைக்குப் போனாள்.

அய்யாத்துரை ஆசாரி தாளை விரித்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"பன்னெண்டு அரிவாளையும் திருப்பிக் கொண்டு வந்தீகளோன்னு பயந்துபோனேன் ஆச்சி. அரிவாளப் பட்டையாக்க என்னால ஆவாது."

"அரிவாள நான் கேக்க வரல. கண்ணு உள்ள நீளப் பட்டையில எப்படி அரிவாள் அடிச்சீரு? அதச் சொல்லும்."

ஆசாரி சிரிப்பை நிறுத்தினார். கண்ணுள்ள பட்டையில் அரிவாள் அடிக்கவில்லை. சுருட்டிய முனையை நிமிர்த்துவது வீண் வேலை என்று குட்டைப் பட்டைகளிலேயே பன்னிரண்டையும் முடித்துவிட்டார். மிஞ்சிய இரும்பு ஆசாரிக்கு என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஆக, மெயின் பட்டை இரண்டும் அவர் கைக்கு வந்தன. ஒன்றை வெட்டித் தேங்காய் உரிக்கிற கம்பியாக்கி விற்றுவிட்டார். மற்றதை மலையடிவாரத்தில் வாழை போட்டிருக்கிற முப்பிடாதியம்மாள் வாங்கிப் போனாள்.

"அவ அத என்ன செஞ்சா?"

"கட்டித் தொங்கவிட்டிருக்கா. ஆனை வெரட்ட."

மலையடிவாரத்தில் அது சகஜம். வாழைக்கும் தென்னங்குருத்துக்கும் ஆனை இறங்கும், பன்றி இறங்கும். காவல் பரணில் ஏதாவது இரும்பைத் தொங்கவிட்டு அடித்துச் சத்தம் எழுப்பினால் திரும்பிப் போகும். முத்துவடிவு வண்டியை அங்கே விடச் சொன்னாள்.

முப்பிடாதியம்மாள் காய்ந்த வாழைச் சருகுகளை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வந்தவளையும், அவள் கையிலிருந்த தாள் சுருளையும் ஏற இறங்கப் பார்த்தாள். பரணுக்குப் பக்கத்து மருத மரத்தில், ஒற்றைக் கண்ணில் கயிறு மாட்டி, பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷ மழையில் செந்துருப் பிடித்திருந்தது. கல்லால் அடித்த இடங்கள் வெள்ளையாக மின்னின. முத்துவடிவு முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஆணியைக் கீழ்க்கண்ணில் விட்டாள். ஆடாமல் அசையாமல் நுழைந்தது. தாளைப் பிடித்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

காரணத்தைச் சொல்லிக் கேட்டாள். வேறு நல்ல இரும்பு வாங்கித் தருவதாகவும் சொன்னாள்.

முப்பிடாதியம்மாள் ஒரு கல்லை எடுத்துப் பட்டையில் ஓங்கி அடித்தாள். கணீரென்ற சத்தம் தோட்டம் முழுக்க ஓடி, மலையில் முட்டித் திரும்பி வந்தது.

"தண்டவாளத் துண்டு போட்டுப் பாத்தேன், கலப்பைக் கொழு போட்டுப் பாத்தேன். இது வந்த பொறவுதான் ஆனை ஓடைய தாண்டல. இதக் குடுத்துட்டு நான் என்ன செய்ய? ஆனை வந்தா ஒங்க தம்பி காரு வந்து அங்கன குறுக்க நிக்குமா ஆச்சி?"

முப்பிடாதியம்மாள் கேட்டது நியாயம். நாற்பது வாழை ஒரே பொழுதில் போகும் என்பது வயல் உள்ளவளுக்குத் தெரியாதா. திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சத்தம்தான் முத்துவடிவின் காதில் இருந்தது. சத்தம் எதனால் வருகிறது? எஃகினால். பெரிசாக, முழுசாக இருப்பதனாலா? கோயில் மணியைவிடச் சேகண்டித் தகடு சின்னது, அதுவும்தானே ஊரைக் கூட்டுகிறது.

வீட்டுக்கு வந்ததும் உடைந்த பட்டையின் நீளத் துண்டை உத்தரத்தில் கட்டி உலக்கைப் பூணால் ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அழுதது. குட்டைத் துண்டையும் கட்டித் தட்டினாள். எதிர்வீட்டுக்காரி வந்து என்ன கோயில் கொடையா என்று கேட்டாள்.

மறுநாள் பால்வண்ணன் மதுரையிலிருந்து வெறுங்கையோடு வந்தான். முகத்தில் மூன்று நாள் தாடி. அக்காள் இலை போட்டுச் சோறு வைத்துக்கொண்டே சொன்னதைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தான்.

"எக்கா, அந்தப் பட்டை நல்லா சத்தம் குடுக்கா? பொத்தச் சத்தமா, கணீர்னா?"

"கணீர்னு. மலையில போயி திரும்பி வருது."

"அப்ப அதுல கீறல் கெடையாது. மயிரிழை கீறல் இருந்தாலும் பொத்துன்னுதான் கேக்கும். ரெண்டு வருசமா கல்ல வச்சி அடிச்சும் விடலன்னா, அது லேசுல விடாது."

சாப்பாட்டை முடித்தானோ இல்லையோ, துண்டுகளைச் சாக்கில் கட்டினான்.

அன்று மத்தியானமே இருவரும் வாழைத்தோட்டத்தில் நின்றார்கள். முப்பிடாதியம்மாள் அவர்களைக் கண்டதும், வெலக்கிச் சொன்னாலும் விடமாட்டாளுவ என்று வாழையிடம் சொல்லுவதுபோலச் சொன்னாள். முத்துவடிவு வாதாடவில்லை. இந்த இரண்டு துண்டையும் கட்டி அடிக்கிறோம், நீங்கள் ஓடைக்கரைக்குப் போய் நின்று கேளுங்கள், பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம் என்று மட்டும் சொன்னாள். முப்பிடாதியம்மாளுக்கு அது பிடித்திருந்தது போல. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடைக்கரை வரைக்கும் நடந்தாள்.

பால்வண்ணன் நீளத் துண்டை அடித்தான். சத்தம் போனது. ஆனால் முன்னதைவிட மெல்லிய சத்தம். முப்பிடாதியம்மாள் அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

"இது பூசைக்கு அடிக்க மாதிரில்லா இருக்கு. ஆனை நின்னு திருநூறு கேக்கும்."

பால்வண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. முத்துவடிவு அவன் கையிலிருந்து கல்லை வாங்கினாள். குட்டைத் துண்டையும் பக்கத்திலேயே, நீளத் துண்டு ஆடினால் இடிக்கிற மாதிரி, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னாள். இடைவெளியை இரண்டு தடவை அளந்து ஒரு விரற்கடை குறைத்தாள். பிறகு பலத்தையெல்லாம் கூட்டி அடித்தாள். நீளத் துண்டு போய்க் குட்டைத் துண்டில் இடித்தது. குட்டைத் துண்டு திரும்பி வந்து இடித்தது. ஓர் அடிக்கு ஏழெட்டு அடியாக இரண்டு சுருதியில் சடசடவென்று கிளம்பிய சத்தத்தில் மருத மரத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. ஓடைக்கு அப்பால் யாரோ ஒருவன் என்ன என்ன என்று கூவினான்.

முப்பிடாதியம்மாள் மெதுவாக நடந்து வந்தாள். தானும் கல்லை வாங்கி ஒரு அடி, இன்னொரு அடி அடித்துப் பார்த்தாள்.

"ஒரு ஆளு அடிச்சா பத்து ஆளு அடிக்க மாதிரி இருக்கு" என்றாள். பிறகு பழைய முழுப் பட்டையைத் தொட்டுக் காட்டி, "அவுத்துக்கோ தம்பி. ஒரு வாரம் பாப்பேன். ஆனை வந்துச்சுன்னா நான் தென்காசிக்கு வந்து ஒங்க வாசல்ல உக்காந்துருவேன். காரு வந்தாத்தான் எந்திரிப்பேன்" என்றாள்.

வந்தால் சோறு உண்டு என்று முத்துவடிவு சொன்னாள். முப்பிடாதியம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஆசாரி பட்டறையில் துருவைத் தேய்த்து எடுத்தார்கள். வளைவு தாளில் உள்ளதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தது. பாரம் காணாத புதுப் பட்டை அல்லவா. அப்படியே மாட்டினால் கார் வலதுபக்கம் சாய்ந்து நிற்கும். ஆசாரி உலையை ஊத எழுந்தபோது பால்வண்ணன் தடுத்தான். நெருப்பில் காட்டினால் எஃகின் விறைப்புப் போய்விடும். பச்சையாகவே தட்டித்தான் இறக்க வேண்டும். ஆசாரி சம்மட்டியால் அங்குலம் அங்குலமாகத் தட்ட, முத்துவடிவு ஒவ்வொரு பத்து அடிக்கும் தாளைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். இன்னும், இன்னும் என்றாள். ஒரு நேரத்தில் ஆசாரி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்த ஆச்சி கோயில் தேருக்கு அச்சு கேட்டிருந்தாலும் இத்தனை தடவை அளந்திருக்க மாட்டாக என்று பால்வண்ணனிடம் முறையிட்டார். கோடு கோட்டோடு சேர்ந்த பிறகுதான் அவரை விட்டாள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் தாலுகா கச்சேரி மைதானத்தில் ஐந்து பஸ்ஸும் மூன்று டாக்சியும் வரிசையாக நின்றன. பால்வண்ணனின் கார், பட்டையை மாட்டி, கழுவித் துடைத்து நின்றது. முத்துவடிவு வேலியோரத்து வேப்பமரத்தடியில் நின்றாள். அவளுக்கு அங்கே வேலை இல்லைதான். ஆனால் வீட்டிலிருந்தால் வேலை ஓடியிருக்காது.

இன்ஸ்பெக்டர் காரின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின் பம்பரில் ஏறி நின்று மேலும் கீழும் குதித்தார். கார் அவரோடு சேர்ந்து இறங்கி ஏறி, சாயாமல் நின்றது. மறுபடி குனிந்தார்.

"மெயின் பட்டை வேற நிறமா இருக்கே. எங்க வாங்கினது?"

பால்வண்ணன் விழித்தான். பொய் சொல்ல வரவில்லை. "வடகரையில ஒரு வாழைத்தோட்டத்துல, சார்" என்றான்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் விவரம் கேட்டார். சொன்னான். அவர் சிரிக்கவில்லை. வேப்பமரத்தடியில் தாள் சுருளோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சீட்டுப் புத்தகத்தை எடுத்து, உலையின் கனம் இருப்பதால் ஆறு பேருக்குப் பதில் நான்கு பேர்தான் ஏற்றலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி காட்ட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரயிலடி இடம் அப்படியே இருக்கும் என்றார்.

பால்வண்ணன் சீட்டை அக்காளிடம் கொண்டுவந்து கொடுத்தான். அவள் எழுத்துக்கூட்டித் தேதி, நம்பர், பெயர் எல்லாம் சரிதானா என்று படித்தாள். பெயரில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. அவன் பின் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுக்கா. மொத சவாரி நீதான்."

மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. இலஞ்சி தாண்டுமுன்னே முதல் சாரல் முகத்தில் தூற்றியது. முத்துவடிவு இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கம் காதைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கல்பாலம் வந்தது. பால்வண்ணன் வேகத்தைக் குறைத்தான். கார் ஏறியது, இறங்கியது, ஒரு குலுங்கு குலுங்கி நேராகப் போனது. ஒரு முனகல் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் முன்னால் குனிந்து தம்பியின் தோளைத் தொட்டாள்.

"வண்டியத் திருப்பு. வேகத்தக் கொறைக்காம இன்னொரு தடவ விடு. பாப்போம்."